இரு நாடா, ஒரே நாடா, இணைந்த இரு நாடா: இஸ்ரேல், பாலஸ்தீனத்துக்கு எது ஒத்துவரும்?

2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று பேச்சு எடுத்தாலே அது "யார் முதலில் ஆரம்பித்தது" என்ற இடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. 1948 என்பார் ஒருவர், 1929 ஹெப்ரோன் யூதப் படுகொலை என்பார் இன்னொருவர், மூன்றாமவர் பைபிள் காலத்துக்கே போய்விடுவார். இந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கின பிறகு சிலர் உண்மையான குழப்பத்தோடு கேட்கிறார்கள்: சரி, இரண்டு பக்கத்து வரலாற்றையும் ஓரளவு படித்தாயிற்று, இரு நாடுகள் தீர்வு செத்துவிட்டது என்கிறார்கள், ஒரே நாடு என்பது வெறும் கனவு என்கிறார்கள், அப்படியானால் எதைத்தான் ஆதரிப்பது?

அந்தக் குழப்பத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. முதலாவது, இப்போது இருப்பதைப் போலவே ஓட்டுவது. இரண்டாவது, எல்லை வகுத்து இரு நாடுகள். மூன்றாவது, ஜோர்டான் ஆற்றிலிருந்து மத்தியதரைக் கடல்வரை எல்லோருக்கும் சம வாக்குரிமை உள்ள ஒரே நாடு. நான்காவது, தனித்தனி அரசுகளாக இருந்துகொண்டே எல்லையைத் திறந்து வைக்கும் இணைந்த இரு நாடுகள். காசா மக்களை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடலாம், யூதர்கள் வந்த இடத்துக்கே திரும்பட்டும் என்றெல்லாம் பேசுபவர்களும் உண்டு. ஒரு மக்கள் கூட்டத்தைக் கட்டாயமாக அப்புறப்படுத்துவது குற்றம். அதை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

## பொறுப்பு என்று எதைச் சொல்கிறோம்

ஒவ்வொரு தீர்வும் யாரோ ஒருவரை முதலில் விலை கொடுக்கச் சொல்கிறது, அதனால் பொறுப்பைத் தொடாமல் தீர்வைப் பேச முடியாது. இதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. நடந்ததற்கான பொறுப்பு ஒன்று, இனி மாற்றுவதற்கான பொறுப்பு மற்றொன்று.

நடந்ததில் பலருக்கும் பங்கு உண்டு. 1917-இல் பால்ஃபர் அறிவிப்பின் மூலம் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தந்த பிரிட்டன், அங்கே ஏற்கெனவே பெரும்பான்மையாக வாழ்ந்துகொண்டிருந்த அரபு மக்களின் சிவில், மத உரிமைகளைச் சொன்னதே தவிர அரசியல் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். உயிர் தப்ப ஓடியவர்களுக்கு உலகின் பல நாடுகள் கதவைச் சாத்தின. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. நிறைவேற்றிய பிரிவினைத் திட்டத்தை யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை நிராகரித்தது, 1948 மே மாதம் அண்டை அரபு நாடுகளின் படைகள் உள்ளே வந்தன. அந்தப் போர்க்காலத்தில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் துரத்தப்பட்டும் பயந்து ஓடியும் ஊரை இழந்தார்கள். இஸ்ரேல் அவர்களைத் திரும்பி வரவிடவில்லை. பாலஸ்தீனர்கள் நக்பா என்று சொல்லி இன்றும் துக்கம் காப்பது இதைத்தான். அதே காலத்திலும் அடுத்த சில பத்தாண்டுகளிலும் ஈராக், ஏமன், எகிப்து, மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து பல லட்சம் யூதர்கள் பயத்தாலும் நெருக்கடியாலும் வெளியேறி இஸ்ரேலில் குடியேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக "வந்த இடம்" என்று ஒன்று கிடையாது.

அப்புறம் 1967. ஆறு நாள் போரில் ஜோர்டான் ஆற்றின் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா எல்லாம் இஸ்ரேல் வசம் வந்தன, ஆக்கிரமிப்பு தொடங்கியது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் அதனுடன் சேர்ந்த குழுக்களும் இஸ்ரேலுக்குள் நுழைந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள், பெரும்பாலானோர் பொதுமக்கள், 251 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துப் போனார்கள். அதற்குப் பதிலாக இஸ்ரேல் நடத்திய போரில் காசா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் மட்டுமே பல ஆயிரம். ஊர்கள் ஊர்களாகத் தரைமட்டமாயின, பசி ஓர் ஆயுதமானது. அக்டோபர் 7 காசாவில் நடந்ததை நியாயப்படுத்தாது, 1967 முதலான ஆக்கிரமிப்பு அக்டோபர் 7-ஐயும் நியாயப்படுத்தாது. இதைச் சொல்வதற்கு ஏன் இத்தனை பேர் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

இனி மாற்றுவதற்கான பொறுப்புக்கு வேறு கணக்கு. யார் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறதோ அந்த அளவுக்கு அவர் பொறுப்பு. நிலம், எல்லை, வான்வெளி, தண்ணீர், மக்கள்தொகைப் பதிவேடு, மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன ஆணையத்துக்குச் சேர வேண்டிய சுங்கவரிப் பணம், இத்தனையும் இஸ்ரேல் கையில் இருக்கின்றன. அதனால் முதல் அடிகளில் பெரும்பகுதி இஸ்ரேல் எடுக்க வேண்டியவை. அதற்காகப் பாலஸ்தீனத் தலைமைக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. பொதுமக்களைக் குறிவைப்பதை நிறுத்துவதும், ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிகாரத்தின் கீழ் கொண்டுவருவதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. பாலஸ்தீன ஆணையத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் 2005-இல் நான்கு வருடப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், இன்னும் பதவியில் இருக்கிறார். 2021-இல் அறிவித்த தேர்தலையும் கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதிக்கவில்லை என்று காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார். மக்கள் ஆணை இல்லாதவர் போடும் கையெழுத்தை அவருடைய மக்களே மதிக்க மாட்டார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

என் அளவுகோல்கள் ஐந்து. முதலில் உயிர்ப் பாதுகாப்பு: டெல் அவிவில் பேருந்தில் ஏறும் பெண்ணும், நாப்ளஸ் பக்கத்தில் ஆலிவ் தோட்டத்துக்குப் போகும் விவசாயியும் மாலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டும், இருவருக்கும் இது பொருந்த வேண்டும். இரண்டாவது, தன்னை ஆளும் அரசைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொருவருக்கும் வாக்கு இருக்கிறதா, எல்லோருக்கும் ஒரே சட்டமா. மூன்றாவது, நிலத்தில் செய்ய முடிகிறதா. வரைபடத்தில் கோடு போடுவது சுலபம், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை என்ன செய்வது? நான்காவது, அகதிகளும் ஜெருசலேமும். இந்த இரண்டையும் கடைசிக்கு ஒத்திப்போட்ட திட்டங்கள் எல்லாம் அங்கேயே உடைந்திருக்கின்றன. ஐந்தாவது, முதல் விலையைக் கொடுக்க வேண்டியவர் யார், அவரால் கொடுக்க முடியுமா, கொடுக்க மறுத்தால் யார் அழுத்தம் தருவார்கள்.

## வழி 1: இப்படியே ஓட்டுவது

இதை ஒரு தீர்வு என்று யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது இதுதான். மோதலைத் தீர்க்க முடியாது, கட்டுக்குள் வைத்தால் போதும் என்பது இதன் அடிப்படை. 2007-இல் காசாவை ஹமாஸ் கைப்பற்றின பிறகு காசா ஒரு பக்கம், மேற்குக் கரை மறு பக்கம் என்று பிரிந்தே கிடந்தது நெதன்யாகு அரசுகளுக்கு வசதியாக இருந்தது. பேச்சுவார்த்தைக்கு எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. 2018 முதல் கத்தார் பணம் இஸ்ரேல் அனுமதியோடு காசாவுக்குப் போனதும் இந்தக் கணக்கில்தான்.

பாதுகாப்பு என்ற அளவுகோலில் இது தோற்ற நாள் அக்டோபர் 7. உலகின் மிக நவீனமான வேலிகளில் ஒன்று ஒரே காலையில் உடைந்தது. உரிமை என்ற அளவுகோலில் இது முன்பே தோற்றிருந்தது. மேற்குக் கரையில் ஒரே சாலையில் இரண்டு பையன்கள் கல்லெறிந்தால், ஆக்கிரமித்த நிலத்தில் கட்டிய யூதக் குடியேற்றத்தைச் சேர்ந்தவனுக்கு இஸ்ரேலியச் சிவில் சட்டம், பாலஸ்தீனப் பையனுக்கு ராணுவ நீதிமன்றம். ஐம்பது வருடத்துக்கு மேல் நீடிக்கும் ஒன்றைத் தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் இந்த ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது, கூடிய விரைவில் முடிக்கப்பட வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து சொல்லிவிட்டது.

இதன் மறைமுகச் செலவுகள் மெதுவாகத்தான் தெரியவரும். இஸ்ரேலியக் குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்ப ரிசர்வ் ராணுவ அழைப்பு, தலைவர்கள் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடிவாரண்டு, உலகில் நண்பர்கள் குறைவது. பாலஸ்தீனர்களுக்கு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நிலம் போவது, நூற்றுக்கணக்கான சோதனைச் சாவடிகளில் வாழ்நாள் கழிவது, நம்பிக்கை இழந்த தலைமுறை துப்பாக்கி ஏந்தியவர்கள் பக்கம் சாய்வது.

இது ஏற்கத்தக்க ஒரே சூழல் குறுகிய கால இடைநிலை. 2025 அக்டோபரில் வந்த போர்நிறுத்தம் போன்றது. குண்டு விழுவது குறைந்து, பிணைக்கைதிகளும் சிறைக்கைதிகளும் வீடு திரும்பி, உணவும் மருந்தும் உள்ளே போவது எந்தப் பெரிய திட்டத்தையும்விட அந்த நிமிடத்தில் முக்கியம். ஆனால் அந்தப் போர்நிறுத்தக் கோட்டின்படி காசாவின் பாதிக்கு மேல் இஸ்ரேல் ராணுவத்தின் கையில் இருந்தது. தேதி போடாத இடைநிலை அப்படியே நிரந்தரமாகிவிடும். மேற்குக் கரையில் ஏற்கெனவே அப்படித்தான் நடந்திருக்கிறது.

## வழி 2: எல்லை வகுத்து இரு நாடுகள்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையில் முயன்று பார்த்தது இது ஒன்றைத்தான்.

1967-க்கு முந்தைய போர்நிறுத்தக் கோட்டை அடிப்படையாக வைத்து, ஒரு பக்கம் இஸ்ரேல், மறுபக்கம் மேற்குக் கரையும் காசாவும் சேர்ந்த பாலஸ்தீனம். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துப் பாலஸ்தீனத்தில் இது சுமார் 22 சதவீதம். 1988-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் இந்த அளவுக்கு இறங்கிவந்ததே பெரிய விட்டுக்கொடுப்பு என்று பாலஸ்தீனர்கள் நினைக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

1993 செப்டம்பர் 13 ஓஸ்லோ ஒப்பந்தத்தில் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அராஃபத்தும் இஸ்ரேல் பிரதமர் ராபினும் கைகுலுக்கிய படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குச் சில நாள் முன்பு பரிமாறிக்கொண்ட கடிதங்களை எடுத்துப் பாருங்கள். அராஃபத்தின் கடிதம் இஸ்ரேல் என்ற நாடு பாதுகாப்போடு வாழும் உரிமையை அங்கீகரித்தது. ராபினின் கடிதம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அந்த மக்களின் பிரதிநிதி என்று மட்டும் அங்கீகரித்தது, பாலஸ்தீன நாடு என்ற பேச்சு அதில் இல்லை. எல்லை, குடியேற்றங்கள், அகதிகள், ஜெருசலேம் எல்லாம் ஐந்து வருட இடைக்காலத்துக்குள் பேசித் தீர்க்கப்படும் என்று விட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் இரண்டு பக்கத்து எதிர்ப்பாளர்களும் தங்கள் வேலையைக் காட்டினார்கள். 1994 பிப்ரவரியில் ஹெப்ரோன் மசூதியில் பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேறி தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றான். ஹமாஸ் பேருந்துகளில் தற்கொலைத் தாக்குதல் நடத்தியது. 1995 நவம்பர் 4 அன்று ராபினை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். குடியேற்றங்கள் நிற்கவில்லை. ஓஸ்லோ கையெழுத்தானபோது கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் இருந்த குடியேறிகள் 1 லட்சத்துச் சொச்சம், இன்று 5 லட்சம். கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்தால் சுமார் 7 லட்சம். எந்த நிலத்தைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அதே நிலத்தில் வீடு கட்டிக்கொண்டே பேசினால் எதிரில் உட்கார்ந்திருப்பவன் நம்புவானா?

2000 ஜூலையில் கேம்ப் டேவிட்டில் அப்போதைய இஸ்ரேல் பிரதமர் எஹூத் பராக்கும் அராஃபத்தும் தோற்றார்கள். செப்டம்பரில் இரண்டாம் இண்டிஃபாடா என்ற பாலஸ்தீன எழுச்சி வெடித்தது. சுமார் 3,000 பாலஸ்தீனர்களும் 1,000 இஸ்ரேலியர்களும் இறந்தார்கள். இஸ்ரேலில் அமைதிக்காகப் பேசிய இடதுசாரிகள் அதற்குப் பிறகு தேர்தலில் எழுந்திருக்கவே இல்லை. 2008-இல் இஸ்ரேல் பிரதமர் எஹூத் ஓல்மெர்ட் ஒரு வரைபடத்தை அப்பாஸிடம் காட்டினார். மேற்குக் கரையில் 6 சதவீதம் அளவு இஸ்ரேலுடன் சேரும், அதற்கு ஈடாக இஸ்ரேல் பக்கத்து நிலம் தரப்படும், பழைய ஜெருசலேமின் புனித இடங்களைப் பல நாடுகள் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். வரைபடத்தைக் கொண்டுபோய்ப் படிக்க விடவில்லை என்பது அப்பாஸின் குறை, அந்த இடத்திலேயே கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது ஓல்மெர்ட்டின் குறை. ஊழல் விசாரணையில் சிக்கி ஓல்மெர்ட் பதவி விலகும் நிலையில் இருந்தார் என்பதும் உண்மை. அவ்வளவு அருகில் அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

சரி, அளவுகோல்களுக்கு வருவோம். வாக்குரிமை என்ற வகையில் இது நன்றாகத் தேறுகிறது, இரு மக்களுக்கும் தங்கள் அரசு கிடைக்கும். இஸ்ரேலுக்குள்ளேயே குடிமக்களாக இருக்கும் பாலஸ்தீனர்களின் சமத்துவம் மட்டும் தனிப் பிரச்சினையாகவே நிற்கும். அவர்கள் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. பாதுகாப்பில் இஸ்ரேலியர்களின் பயத்தை லேசாக எடுக்கக் கூடாது. 2005-இல் காசாவிலிருந்து 21 குடியேற்றங்களையும் காலி செய்து வெளியேறின பிறகு ராக்கெட்டுகள்தான் வந்தன என்பது அவர்கள் அனுபவம். அந்த வெளியேற்றம் யாரோடும் ஒப்பந்தம் போடாமல், எல்லையையும் வானையும் கடலையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு செய்தது என்பது பாலஸ்தீனர்களின் பதில். இரண்டும் சரிதான். பென் குரியன் விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரை எல்லை 10 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது, அங்கே ஒரு தோள் ஏவுகணை போதும். அதனால் படையில்லாத பாலஸ்தீனம், ஜோர்டான் பள்ளத்தாக்கில் சர்வதேசப் படை என்பதெல்லாம் எல்லாப் பேச்சிலும் வந்திருக்கின்றன.

நிலத்தில் செய்ய முடிவது என்ற இடத்தில்தான் பெரிய இடி. பெரும்பாலான குடியேறிகள் எல்லைக் கோட்டை ஒட்டிய பெரிய குடியேற்றங்களில் இருக்கிறார்கள், நிலப் பரிமாற்றத்தில் அவர்களை இஸ்ரேலுக்குள் சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்த பிறகும் உள்ளே இருக்கும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எழுப்ப வேண்டியிருக்கும். காசாவில் சுமார் 8,000 பேரை எழுப்பவே ஒரு நாடு முழுக்கக் கொந்தளித்தது. ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவில் இருக்கும் ஈ-1 பகுதியில் வீடு கட்ட 2025 ஆகஸ்டில் இஸ்ரேல் அனுமதி தந்தது. அது முடிந்தால் ரமல்லாவையும் பெத்லகேமையும் சேர்க்கும் நடுப்பகுதி அறுந்துபோகும், கிழக்கு ஜெருசலேம் தனித்துப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத விலையை அகதிகள்தான் கொடுப்பார்கள். ஐ.நா. நிவாரண அமைப்பின் பதிவில் சுமார் 59 லட்சம் பேர் இருக்கிறார்கள். லெபனானின் ஷத்தீலா, ஐன் அல் ஹில்வே முகாம்களில் பிறந்து வளர்ந்து, அந்த நாட்டில் பல தொழில்களைச் செய்யக்கூட அனுமதி இல்லாமல், இன்று இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவில் இருந்த தாத்தாவின் வீட்டுச் சாவியை வைத்திருப்பவரிடம் "நீ ஹைஃபாவுக்குப் போக முடியாது, ரமல்லாவுக்குப் போகலாம், இழப்பீடு தருகிறோம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். நாம் ஆதரிக்கும் தீர்வு அவரிடம் எதைப் பறிக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் ஆதரிக்க வேண்டும்.

இந்த வழிக்கு இருக்கும் பெரிய பலம் வெளியே. 2002-இல் பெய்ரூட்டில் அரபு லீக் முன்வைத்த அமைதித் திட்டம், 1967 எல்லைக்குத் திரும்பி அகதிகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தீர்வு கண்டால் எல்லா அரபு நாடுகளும் இஸ்ரேலுடன் இயல்பான உறவு வைக்கும் என்றது. 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. இந்தியா 1988-லேயே அங்கீகரித்துவிட்டது. உலகச் சட்டமும் உலக ராஜதந்திரமும் சேர்ந்து நிற்கும் தீர்வு இது ஒன்றுதான்.

## வழி 3: சம வாக்குள்ள ஒரே நாடு

ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவில் சுமார் 70 லட்சத்துக்கு மேல் யூதர்கள், கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் பாலஸ்தீனர்கள். உண்மையில் இன்றும் அங்கே ஒரே ஓர் அரசுதான் கடைசி அதிகாரம் செலுத்துகிறது, அப்படியானால் எல்லோருக்கும் வாக்கைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பது இதன் வாதம். யோசனை புதியதும் அல்ல. மார்ட்டின் பூபர், யூதா மாக்னஸ் போன்ற யூத அறிஞர்கள் இஸ்ரேல் உருவாவதற்கு முன்பே இரு தேசியங்களும் சேர்ந்து ஆளும் ஒரே நாட்டைப் பற்றிப் பேசினார்கள். பாலஸ்தீன அறிஞர் எட்வர்டு சையத் ஓஸ்லோவுக்குப் பிறகு இந்த முடிவுக்கு வந்தார்.

நியாயத்தின் தராசில் இது மிக உயர்ந்தது என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். யாரையும் வீட்டிலிருந்து எழுப்ப வேண்டாம், ஜெருசலேமைக் கூறுபோட வேண்டாம், அகதிக்குக் கதவு திறக்கும். சேர்ந்து வாழவே முடியாது என்பதும் பொய். இஸ்ரேலிய மருத்துவமனைகளில் அரபு மருத்துவர்களும் செவிலியர்களும் யூதர்களோடு ஒரே வார்டில் வேலை செய்கிறார்கள். 2021-இல் மன்சூர் அப்பாஸின் ராம் என்ற இஸ்ரேலிய அரபுக் கட்சி ஆளும் கூட்டணியிலேயே இடம்பெற்றது.

ஆனால் எனக்குக் கவலை தருவது அன்றாட அதிகாரம். ராணுவத்துக்கு யார் தளபதி? ஒரு தலைமுறை முழுக்க எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டவர்களை ஒரே போலீஸ் நிலையத்தில் எப்படி உட்காரவைப்பது? தனிநபர் வருமானத்தில் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி. சட்டத்தில் சமம் வந்த மறுநாளும் நிலமும் வங்கியும் ஒரு பக்கமே இருக்கும், அப்போது வாக்கு எண்ணிக்கைக்கும் சொத்துக்கும் நடக்கும் இழுபறி எங்கே போய் நிற்கும்? லெபனான் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போரில் பட்டதையும், போஸ்னியா தன் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகும் ஒவ்வொரு முடிவிலும் முட்டிக்கொண்டு நிற்பதையும் பார்க்கிறோம். தென்னாப்பிரிக்காவை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே இரு தரப்பும் ஒரே நாட்டைத்தான் தங்கள் நாடு என்று கேட்டன, அதை யார் ஆள்வது என்பதுதான் சண்டை. இங்கே இரு மக்களும் தங்களுக்கென்று தனிக் கொடி வேண்டும் என்று ஒரு நூற்றாண்டாகக் கேட்கிறார்கள். சிறுபான்மையாக வாழ்ந்து அழிவைச் சந்தித்த யூதர்களிடம் மறுபடி சிறுபான்மையாகும் வாய்ப்பை ஏற்றுக்கொள் என்றால் அவர்கள் மறுப்பதைக் குற்றமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்னோர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே நாடு என்ற சொல்லை வேறு அர்த்தத்தில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பின்னாளில் இஸ்ரேலின் நிதியமைச்சரான ஸ்மோட்ரிச் 2017-லேயே வெளியிட்ட திட்டம், பாலஸ்தீனர்கள் தேசியக் கோரிக்கையைக் கைவிட்டுக் குறைந்த உரிமையோடு இருக்கட்டும், இல்லையென்றால் வெளியேறட்டும் என்கிறது. ஹமாஸின் 1988 சாசனம் இஸ்ரேல் இல்லாத பாலஸ்தீனத்தைக் கேட்டது. 2017 ஆவணத்தில் 1967 எல்லையைத் தேசிய ஒருமித்த கருத்தாக ஏற்பதாகச் சொன்னாலும் இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை. சம உரிமை நாடு என்று ஆரம்பித்து இந்த இரண்டில் ஒன்றில் போய் விழுவது சுலபம்.

இது சிறந்த தேர்வாக மாறும் சூழல் எது என்றால், எல்லை வகுப்பதை இஸ்ரேல் சட்டமாகவும் செயலாகவும் மூடிவிட்டால். மேற்குக் கரையை முறையாக இணைத்துக்கொண்டால் அன்றைக்கே அங்குள்ள சுமார் 30 லட்சம் பாலஸ்தீனர்களுக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்பதைத் தவிர வேறு நியாயமான நிலைப்பாடு இருக்காது.

## வழி 4: இணைந்த இரு நாடுகள்

தமிழில் இதைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை. 2012-இல் இஸ்ரேலியப் பத்திரிகையாளர் மெரோன் ரப்போபோர்ட்டும் பாலஸ்தீனச் செயல்பாட்டாளர் அவ்னி அல் மஷ்னியும் சேர்ந்து தொடங்கிய இயக்கம் இன்று "எல்லோருக்குமான நிலம்" என்ற பெயரில் இயங்குகிறது. ஓஸ்லோவின் சிற்பிகளில் ஒருவரான யோசி பெய்லினும் பாலஸ்தீன வழக்கறிஞர் ஹிபா ஹுசைனியும் 2022-இல் இதே வழியில் ஒரு விரிவான திட்டத்தை வெளியிட்டார்கள்.

மையக் கருத்து எளிது. இரு நாடுகள், இரு நாடாளுமன்றங்கள், 1967 கோடு. ஆனால் குடியுரிமை வேறு, குடியிருப்பு வேறு. குடியேறி பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அங்கேயே வாழலாம், வாக்கு இஸ்ரேலில். அதே கணக்கில் பாலஸ்தீனர்கள் இஸ்ரேலுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கலாம், வாக்கு பாலஸ்தீனத்தில். ஜெருசலேம் சுவரில்லாத நகரமாக இருவருக்கும் தலைநகர். தண்ணீர், சுற்றுச்சூழல், வெளிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குக் கூட்டு அமைப்புகள். இரு நாடுகள் தீர்வில் மூச்சுமுட்டும் இரண்டு இடங்களை, அதாவது குடியேறிகளை எழுப்புவதையும் அகதியிடம் ஒருபோதும் வராதே என்பதையும், இது ஓரளவு தளர்த்திவிடுகிறது.

இதன் மறைமுகச் செலவு நம்பிக்கை, இன்று இரண்டு பக்கமும் இல்லாதது அதுதான். திறந்த எல்லை என்று சொன்னதும் இஸ்ரேலியருக்கு 2002-இல் நெதன்யா விடுதியில் யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்தில் வெடித்த குண்டு நினைவுக்கு வரும். குடியேறி இங்கேயே இருக்கட்டும் என்றதும் பாலஸ்தீனருக்குத் தன் ஆலிவ் மரத்தை வெட்டி, முகமூடியோடு வந்து வீட்டுக்குத் தீ வைத்தவன் நினைவுக்கு வருவான். அவனைப் பாலஸ்தீனப் போலீஸ் கைது செய்தால் இஸ்ரேல் சும்மா இருக்குமா? பணக்காரப் பக்கம் ஏழைப் பக்கத்து நிலத்தைச் சட்டப்படியே வாங்கிக் குவிப்பதை யார் தடுப்பது? ஐரோப்பாவை உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1951-இல் நிலக்கரி, எஃகு கூட்டமைப்பில் சேர்ந்தபோது இரண்டு பக்கமும் தேர்ந்தெடுக்கப்பட்ட தனி அரசு இருந்தது. இரண்டும் தனித்தனி நாடுகளாக நின்று கைகொடுத்தன.

## நான் எங்கே நிற்கிறேன்

எல்லை முதலில், திறப்பது அடுத்து. இரண்டாவது வழியின் கோட்டைப் போட்டு, நான்காவது வழியின் குடியிருப்பு உரிமைகளையும் ஜெருசலேம் ஏற்பாட்டையும் அதே ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். ஓஸ்லோ மாதிரி கடினமானதை எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது.

இதை ஏற்காதவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். பாலஸ்தீன நாடு வேண்டாம் என்று 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. சரி, எல்லை வேண்டாம் என்றால் வாக்கைக் கொடுங்கள். இரண்டையும் தர மாட்டேன் என்பவர் பல லட்சம் மனிதர்களைக் குடியுரிமை இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஆள்வேன் என்கிறார். அதைப் பாதுகாப்புக் காரணம் என்ற பெயரில் ஏற்க முடியாது. ஆயுதப் போராட்டம் ஒன்றே வழி என்பவரிடமும் கேட்கிறேன்: நெதன்யா விடுதியும் அக்டோபர் 7-உம் ஒரு சோதனைச் சாவடியையாவது நீக்கினவா? ஒவ்வொரு முறையும் இஸ்ரேலில் எல்லைக்கு ஆதரவான குரல்தான் முதலில் செத்தது. இஸ்ரேலை அழிப்போம் என்று சொல்லிக்கொண்டு இஸ்ரேலியரிடம் எல்லை கேட்க முடியாது.

வாய்ப்பு இருக்கிறதா என்றால், கருத்துக் கணிப்புகள் இன்று மோசமாகத்தான் இருக்கின்றன, இரு நாடுகளுக்கு இரண்டு பக்கமும் ஆதரவு பாதிக்குக் கீழே போய்விட்டது. ஆனால் 1973-இல் எகிப்தும் இஸ்ரேலும் கடும் போர் நடத்தின. நான்கே வருடத்தில், 1977 நவம்பரில், எகிப்து அதிபர் அன்வர் சதாத் ஜெருசலேமில் இறங்கினார். பிறகு வந்த அமைதி ஒப்பந்தத்தில் இஸ்ரேல் பக்கம் கையெழுத்திட்டது மெனாகெம் பெகின் என்ற கடும் வலதுசாரி. 1982-இல் சினாயில் இருந்த யாமித் குடியேற்றத்தைத் தன் சொந்த ராணுவத்தை வைத்து இடித்ததும் அவர் அரசுதான். அந்த அமைதி சூடில்லாத அமைதி, ஆனாலும் இன்றுவரை உடையவில்லை. குழந்தையை இழந்த இஸ்ரேலியப் பெற்றோரும் பாலஸ்தீனப் பெற்றோரும் ஒன்றாக உட்காரும் பெற்றோர் வட்டம் 1990-களிலிருந்து நடக்கிறது, காசாப் போரின் நடுவிலும் நின்றுபோகவில்லை.

அடுத்து வரும் மாதங்களில் பெரிய அறிவிப்புகளைவிட நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஈ-1 பகுதியில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்குகின்றனவா. பாலஸ்தீனத் தேர்தலுக்குத் தேதி குறிக்கிறார்களா, கிழக்கு ஜெருசலேமில் வாக்குப்பெட்டி வைக்க இஸ்ரேல் விடுகிறதா. 2025 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை அனுமதித்த சர்வதேசப் படை காசாவுக்குள் நிலைகொண்டு, ஹமாஸின் ஆயுதம் கீழே இறங்கி, இஸ்ரேல் ராணுவம் கோட்டுக்குப் பின்னால் போகிறதா. மேற்குக் கரையில் கிராமத்தைத் தாக்கும் குடியேறிகள்மீது வழக்கு பாய்கிறதா. இந்த நான்கில் இரண்டு விஷயங்களாவது நல்ல பக்கம் நகர்ந்தால் எல்லை இன்னும் உயிரோடு இருக்கிறது. நான்கும் தவறான பக்கம் போனால் நானும் மூன்றாவது வழிக்கு, வாக்கு கேட்பவர்கள் பக்கம் போய் நிற்பேன்.